ஒன்பது ஊர்ப் பட்டியல்

இங்கிலாந்தின் பரப்பளவு ஏறக்குறைய 1,30,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பளவும் அதேதான். புறப்படுவதற்கு முன்பு யாராவது இதைச் சொல்லியிருந்தால், ஏழு நாளில் ஒன்பது ஊர் என்று நான் பட்டியல் போட்டிருக்கவே மாட்டேன். உலகப் படத்தில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடுகிற நாடுதானே, காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று சுற்றிவிடலாம் என்று நினைத்தேன். பதினெட்டு வருடமாக வங்கியில் எக்செல் அட்டவணையோடு குடும்பம் நடத்துகிறவள் நான். லண்டன், சாலிஸ்பரி, பாத், ஆக்ஸ்போர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு, லிவர்பூல், விண்டர்மியர், யார்க், கேம்பிரிட்ஜ் என்று ஊருக்கு ஒரு நிறம் கொடுத்து, அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு 25 நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.

உடன் வந்தவர் அத்தை. அப்பாவின் அக்கா, 67 வயது. கோவையில் 32 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டவணையைக் கையில் வாங்கி, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு மேலிருந்து கீழே பார்த்தார்.

"வடக்கே இருந்து பஸ்ஸில் வந்து, காலையில் தஞ்சாவூர், மத்தியானம் மதுரை, ராத்திரி ராமேஸ்வரம் என்று ஓடுவார்களே, அவர்களைப் போல இருக்கிறது கண்ணு. இதில் ஆக்ஸ்போர்டு இருக்கிறதா?"

"இருக்கிறது அத்தை."

"அது போதும். போப்பையர் அங்கேதான் இருக்கிறார்."

திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப்தான் அத்தைக்குப் போப்பையர். அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தை அவரைப் பற்றி எப்போதும் நிகழ்காலத்தில்தான் பேசுவார்.

மே 18, 2024, சனி. லண்டன்

விமானத்தில் தூங்கவில்லை. விடுதி அறை இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு பிரிட்டிஷ் மியூசியம் போனோம். நுழைவு இலவசம். உள்ளே தேநீருக்குக் கொடுத்தது மூன்றரைப் பவுண்டு. அத்தை முதலில் நூறால் பெருக்கி, பிறகு மிச்சத்தைக் கூட்டி, "முந்நூற்று எழுபது ரூபாய்" என்று அறிவித்தார். அதன்பின் ஏழு நாளும் நாங்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் இந்த அறிவிப்பு உண்டு.

அமராவதிச் சிற்பங்கள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தனி அறையில் இருக்கின்றன. பலகையைப் படித்ததும் அத்தை, "நம் உடுமலைப் பக்கத்து அமராவதியா?" என்றார். ஆந்திரத்து அமராவதி என்றேன். ஆனாலும் விடாமல் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். எகிப்து, கிரேக்கம், அசீரியா என்று என் அட்டவணையில் இருந்த மற்றவற்றைப் பார்க்கக் கால் ஒத்துழைக்கவில்லை.

இரவு எட்டரைக்கும் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு வைக்காமல் எப்படி இரவுச் சாப்பாடு என்று அத்தை காத்திருந்தார். ஒன்பது மணிக்குத் திரையை இழுத்து மூடி, "இருட்டிவிட்டது" என்று நானே சொன்னேன். கொண்டுவந்த புளிக்காய்ச்சலும் பிரெட்டும் சாப்பிட்டோம். கடையில் தயிர் என்று நினைத்து நான் வாங்கிவந்த டப்பாவில் ஸ்ட்ராபெரி இருந்தது.

மே 19, ஞாயிறு. சாலிஸ்பரியை விட்டு பாத்

ஞாயிற்றுக்கிழமையில் இங்கிலாந்துத் தண்டவாளங்களுக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்பது என் அட்டவணைக்குத் தெரியாது. பாதி வழியில் எல்லோரையும் இறக்கி, மீதித் தூரத்துக்குப் பஸ் என்றார்கள். அந்தப் பஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. இருநூறு பேராவது இருப்போம். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. வரிசை தானாகவே உருவாகி, நடைபாதையோரமாக வளைந்து போனது. அத்தையின் சக்கரப் பெட்டி ஓர் இளைஞனின் காலில் ஏறியது. அவன் 'சாரி' என்றான். "என் பெட்டிதானே அவன் காலில் ஏறியது? அவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்?" என்று பாத் போய்ச் சேரும்வரை அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு நேரம் குறித்து வாங்கிய டிக்கெட் அந்தப் பஸ் வரிசையிலேயே காலாவதியானது. சாலிஸ்பரி தேவாலயக் கோபுரம் 123 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமானது. அதன் நுனியை ரயில் நிலையத்தில் நின்றபடி பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தோம். சாலிஸ்பரிக் கட்டத்தை அட்டவணையில் சாம்பல் நிறமாக்கினேன்.

பாத் நகரில் மூன்று மணி வெயிலில் கட்டடங்கள் எல்லாம் தேன் நிறத்தில் இருந்தன. ரோமானியர்களின் குளியல் கூடத்தில், பூமிக்கு அடியிலிருந்து 46 டிகிரி சூட்டில் நாள் ஒன்றுக்குப் பதினொன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. மேற்கூரை போய்விட்டதால் வெயில் பட்டுப் பாசி பிடித்து, பெரிய குளம் நம் ஊர்த் தெப்பக்குளப் பச்சையில் இருக்கிறது. கையை விடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். குடிப்பதற்கென்று தனியே ஒரு குழாய் உண்டு. வெதுவெதுப்பாக, ஆணியை ஊறவைத்த தண்ணீர் போல இருந்தது. நான் ஒரு வாயோடு நிறுத்தினேன். அத்தை மருந்து என்று முழுக் குவளையும் குடித்தார்.

அங்கே நாங்கள் அதிக நேரம் நின்றது ஈயத் தகடுகளின் முன்னால். குளிக்க வந்த இடத்தில் பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கச் சொல்லி சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்துக்குத் தகட்டில் எழுதி, சுருட்டி ஊற்றில் போட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. டோசிமீடிஸ் என்று ஒருவன். அவனுடைய கையுறை இரண்டு காணாமல் போயிருக்கிறது. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று வேண்டியிருக்கிறான்.

"மாசாணியம்மன்!" என்றார் அத்தை, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அத்தையும் ஒருமுறை பூசியிருக்கிறார், 1991இல், பித்தளை அண்டாவுக்காக. அண்டா கிடைத்ததா என்று கேட்டேன். "அண்டா வரவில்லை. எடுத்தவள் வீட்டில் ஒரு வாரம் எல்லோருக்கும் கண்வலி" என்றார். டோசிமீடிஸின் கையுறை என்ன ஆயிற்று என்று பலகையில் போடவில்லை.

மே 20, திங்கள். ஆக்ஸ்போர்டு

காலையிலேயே அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டார். ரயிலில் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் வால்டன் தெருவில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. கல்லால் ஆன வாயில், நீண்டு போகும் நடைபாதை, அதற்குப் பின்னால் திடீரென்று பெரிய மரங்கள், முழங்கால் உயரப் புல், சாய்ந்தும் சரிந்தும் நிற்கும் கற்கள். புதிதாக யாரையும் புதைப்பதில்லை. எங்கே தேடுவது என்று தெரியாமல் புல்லில் நடந்துகொண்டிருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, அத்தையின் புடவையைப் பார்த்ததும் நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே கையை நீட்டித் திசை காட்டினார். புடவை கட்டியவர்கள் இங்கே வேறு யாரையும் தேடுவதில்லை போலும்.

ஜி.யு. போப் 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து, 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்து, சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் ஊட்டியிலும் வேலை செய்து, கடைசியில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் தேதி 1900 ஏப்ரல் 24, அவருடைய எண்பதாவது பிறந்தநாள். இதெல்லாம் அத்தை வழியெல்லாம் எனக்கு ஒப்பித்தது. ஒப்பிக்காமல் விட்டது ஒன்று, ஏனென்றால் அது எனக்கே தெரியும், தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும்: தன் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னாராம் போப்பையர்.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்றார். கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். விரலை எழுத்துகளின் மேல் ஓட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படிப்பது போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பெயர், பட்டம், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் மதகுரு, பிறந்த நாள், இறந்த நாள். கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததைப் போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை வைத்தார்கள் என்று ஒரு வாசகம். அவ்வளவுதான்.

மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பின்பக்கத்தில் பாசிதான் இருந்தது.

"மாணவன் என்று இல்லை" என்றார்.

"இல்லை அத்தை."

"வருடத்துக்கு எண்பது பிள்ளைகள். முப்பத்திரண்டு வருடம்." நான் கணக்குப் போடுவதற்குள் அவரே சொன்னார்: "இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். பாதிரியார் கல்லறை என்று நினைவு வந்தது போல மறுபடி உள்ளே வைத்தார். திருவாசகத்தில் நான்கு வரி மெதுவாகச் சொன்னார். அது போப்பையர் மொழிபெயர்த்ததுதானே, அதற்குத் தடையில்லை.

அதே தோட்டத்தில் பெஞ்சமின் ஜோவெட்டும் இருக்கிறார், பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்தவர். திருவாசகத்தை அச்சிடும்படி போப்பைத் தூண்டியவர் அவர். இந்த வயதில் அவ்வளவு பெரிய வேலையா என்று போப் தயங்கியபோது, அதை முடிக்கும்வரை நீர் உயிரோடு இருப்பீர் என்றாராம். போப் முடித்தார், அதன் பிறகும் எட்டு வருடம் இருந்தார். புத்தகத்தைப் பார்க்க ஜோவெட்தான் இல்லை, 1893இலேயே போய்விட்டார். அத்தை அவருடைய கல்லின் முன்பும் ஒரு நிமிடம் நின்றார்.

மதியம் ரொட்டிக்குள் வைத்த குளிர்ந்த சீஸைச் சாப்பிட்டோம். அத்தை விலையைப் பெருக்கவில்லை.

மே 21, செவ்வாய். ரயில்

ஸ்ட்ராட்ஃபோர்டும் லிவர்பூலும் இன்று. இரண்டையும் காலைத் தேநீரின்போதே அத்தை அடித்துவிட்டார், என் பேனாவை வாங்கி, அச்சிட்ட தாளின் மேலேயே. மூன்று முறை ரயில் மாறி மாலையில் விண்டர்மியர் சேர்ந்தோம். வழியெல்லாம் செம்மறி ஆடுகள். வடக்கே போகப் போக வானம் தாழ்ந்துகொண்டே வந்தது.

தங்கியது ஒரு வீட்டின் மாடி அறையில். படிக்கட்டு நம் ஊர் பரண் ஏணியைவிடக் கொஞ்சம் அகலம். என் 23 கிலோ பெட்டி இரண்டாவது வளைவில் சுவரில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கைப்பிடி கழன்று வந்தது. அவர் அன்றிரவே அதைத் திருகாணி போட்டுப் பொருத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, "உள்ளே என்ன, கல்லா?" என்று மட்டும் கேட்டார். உள்ளே அத்தையின் இரண்டு கிலோ பொன்னி அரிசி இருந்ததை நான் சொல்லவில்லை.

விளக்கை அணைத்த பிறகும் அத்தையின் கைபேசி வெளிச்சம் தெரிந்தது. ஏதோ தட்டிக்கொண்டிருந்தார், அழித்துக்கொண்டிருந்தார்.

மே 22, புதன். மழை

காலை உணவு பரிமாறும்போது வீட்டுக்கார அம்மாள் அத்தையின் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்து, கதவில் நசுங்கிவிட்டதா என்று பதறினார். நகத்தில் இருந்தது ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்ட மை. நகம் வளர வளர மேலே ஏறி, பாதி நகத்தில் கருப்பாக நின்றது. விளக்கிச் சொன்னதும் அவர் அந்த விரலைத் தொட்டுப் பார்த்து, ஒரு மாதமாகவா என்று வியந்து, கணவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அத்தை வகுப்பெடுக்கும் குரலில் ஏழு கட்டத் தேர்தலை விளக்கினார். இரண்டு முட்டைக்குப் பதிலாக அத்தைக்கு இரண்டு காளான் கூடுதலாக விழுந்தது.

விண்டர்மியர் இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரி. இருக்கிறது என்று சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்தது பத்தடி தண்ணீரும் அதற்கப்பால் வெள்ளையும்தான். வடமேற்கு இங்கிலாந்துக்குக் கனமழை எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். 599 எண் பஸ்ஸில் கிராஸ்மியர் போனோம். அப்போது எவ்வளவு தூரமானாலும் டிக்கெட் இரண்டு பவுண்டாக இருந்தது. இந்தப் பயணத்தில் அத்தை மனமாரப் பாராட்டிய ஒரே விலை. மழை நம் ஊர் மழை போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. குடையின் கீழே புகுந்து, பக்கவாட்டில் வந்து, காதுக்குள் போகிறது. என் குடை இரண்டாவது காற்றில் மடங்கித் தாமரையாக விரிந்தது.

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கல்லறை தேவாலயத் தோட்டத்தில் இருக்கிறது. நான் கூப்பிட்டேன். அத்தை, "கல்லறையில் எழுதியிருப்பதைப் படிக்கிற வேலை எனக்கு இனி வேண்டாம்" என்று, ஒட்டினாற்போல் இருந்த இஞ்சிரொட்டிக் கடையின் வாசலில் ஒதுங்கிக்கொண்டார். அளவில் ஒரு பெரிய வீட்டின் பூஜை அறைதான் அந்தக் கடை. 1630இல் பள்ளிக்கூடமாகக் கட்டியதாம். சாரா நெல்சன் என்ற பெண் 1854இல் செய்யத் தொடங்கியதை இன்னும் அதே இடத்தில் விற்கிறார்கள். ரொட்டி என்கிறார்கள், அது பிஸ்கட்டுமில்லை, கேக்குமில்லை. மேலே மணல் போல உதிர்கிறது, உள்ளே பல்லில் ஒட்டுகிறது, கடைசியில் தொண்டையில் இஞ்சி ஏறுகிறது. "இஞ்சி மொரப்பாவுக்கு மாவு சேர்த்திருக்கிறார்கள்" என்று அத்தை தீர்ப்புச் சொல்லி, இன்னொரு பொட்டலம் வாங்கச் சொன்னார்.

மாலை ஆம்பிள்சைடில் நனைந்த கோழிகளாக ஒரு பப்பில் நுழைந்தோம். உட்கார்ந்தோம். இருபது நிமிடம் யாரும் வரவில்லை. "நம்மைப் பார்த்தால் எப்படித் தெரிகிறதோ" என்று அத்தைக்குக் கோபம். பக்கத்து மேசைக் கிழவர் மெல்லக் குனிந்து, இங்கே நீங்கள்தான் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கிறிஸ்துமஸ் வரை உட்கார்ந்திருப்பீர்கள் என்றார். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கின் வயிற்றைப் பிளந்து பீன்ஸை ஊற்றிக் கொடுத்தார்கள். அத்தை பருப்புப் பொடியைத் தூவிக்கொண்டு, இங்கே வந்து சாப்பிட்டதிலேயே இதுதான் சாப்பாடு என்றார்.

ஐந்து மணி சுமாருக்குத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்கள். பிரதமர் ரிஷி சுனக் தன் அலுவலக வாசலில் நின்று, ஜூலை 4 அன்று பொதுத்தேர்தல் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். லண்டனிலும் மழை. கோட்டின் தோளெல்லாம் கறுத்து நனைய, தெருவிலிருந்து யாரோ பாட்டு வேறு போட, அவர் பேசிக்கொண்டே இருந்தார். பப்பில் சிரிப்பு.

"ஒரு நாட்டின் பிரதமர். குடை பிடிக்க ஓர் ஆள் இல்லையா?" என்றார் அத்தை. அவருடைய குரலில் கேலி இல்லை.

கிழவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். அத்தை விரலை நீட்டிக் காட்டி, நாங்கள் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது, எண்ணுவது ஜூன் 4 அன்றுதான் என்று தானே ஆங்கிலத்தில் சொன்னார்.

மே 23, வியாழன். யார்க்

முதல் ரயில் ரத்து. இரண்டாவது ரயிலில் நின்றுகொண்டே வந்தோம். ஒரு கல்லூரிப் பெண் அத்தையைப் பார்த்த நொடியில் எழுந்தாள். யார்க்கில் கால் வைத்தபோது மணி நான்கு. ரயில்வே அருங்காட்சியகம் போச்சு. கோட்டைச் சுவரில் கொஞ்ச தூரம் நடந்தோம், காசில்லாமல்.

மின்ஸ்டர் பேராலயத்தில் சுற்றிப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. ஆனால் ஐந்தரை வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணமில்லை என்று வாசலில் நின்றவர் சொல்லி உள்ளே அனுப்பினார். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பாடினார்கள். ஒரு குரல் மேலே போய் நின்றதும் கல் அதை வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாகத் திருப்பித் தந்தது. அத்தை கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும், "பேரூரில் ஓதுவார் பாடினால் இப்படித்தான் தூண் பாடும்" என்றார்.

இரவு பசி. சிப்ஸ் கடையில் கேட்டு வாங்கப் போனபோது, கல்லாவில் இருந்த சின்னப் பெண் அத்தையின் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, தாங்கள் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்போம், பரவாயில்லையா என்று அவளாகவே கேட்டாள். வியாபாரம் போனாலும் சொல்லிவிட்டாள். அத்தை அவளுக்கு இஞ்சிரொட்டியில் ஒரு துண்டு கொடுத்துவிட்டு வந்தார். அறையில் கெட்டில் வெந்நீரை ஊற்றி ஊற்றிப் பொன்னி அரிசியை வேகவைக்க முயன்றதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

மே 24, வெள்ளி. லண்டன், விமான நிலையம்

கேம்பிரிட்ஜ் போகவில்லை.

விமான நிலையத்தில் அத்தை கைபேசியை நீட்டினார். நான்கு இரவாக எழுதி அழித்தது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு. 'போப்பையரின் கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதியிருப்பதாக நான் உங்களுக்குக் கற்பித்தேன். நேரில் படித்தேன். அப்படி இல்லை. தென்னிந்தியத் தமிழ் நண்பர்கள் சேர்ந்து வைத்த கல் என்று இருக்கிறது. திருத்திக்கொள்ளவும்.' கீழே நான் எடுத்த படம்.

"ஒற்றுப்பிழை இருக்கிறதா பார்" என்றார். இல்லை. அனுப்பினார்.

ஊரில் இரவு ஒன்பதரை இருக்கும். ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. 'தமிழம்மா, அரையாண்டுத் தேர்வில் அதை எழுதாமல் விட்டதற்கு எனக்கு ஒரு மதிப்பெண் குறைத்தீர்கள். இப்போது தருவீர்களா?'

அத்தை பெயரைப் பார்த்தார். "1998, பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு. கோழிக் கிறுக்கல். அரை மதிப்பெண் தருகிறேன் என்று போடு."

"ஏன் அரை?"

"மற்ற அரைக்கு எங்கேயாவது சந்திப்பிழை இருந்திருக்கும்."